படித்துச் சொன்னவள்

சனிக்கிழமை காலை சகாயராஜ் கம்ப்யூட்டரைப் போட்டபோது அது பேசவில்லை. உள்ளே விசிறி சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. வழக்கமாக இதற்குள் ஹெட்போனில் அந்த ஆண் குரல் வந்து கடகடவென்று ஒப்பிக்கத் தொடங்கியிருக்கும். இன்றைக்கு ஒன்றுமில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டான். மறுபடியும் விசிறி மட்டும்தான்.

அவனுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. வரலாற்றில் எம்.ஏ. படித்து, பி.எட். முடித்து, விழுப்புரத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தான். திண்டிவனத்தில் வீடு, தினமும் ரயிலில் போய் வருவான். மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் தேர்வுக்கு மூன்று வருடமாகப் படித்துக்கொண்டிருந்தான். தேர்வு அடுத்த மாதம். குறிப்பெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. எழுத்தை வாசித்துச் சொல்கிற மென்பொருள் ஒன்று அதில் இருந்ததால் திரை அவனுக்குத் தேவைப்படவில்லை. பழைய கம்ப்யூட்டராகப் பார்த்து வாங்கியபோதே, "எனக்கு எதுக்கு மானிட்டர்?" என்று பெட்டியையும் கீபோர்டையும் மட்டும் எடுத்து வந்தான். இரண்டு வருடமாக அப்படித்தான் ஓடியது. இப்போது அது வாயை மூடிக்கொண்டதும், உள்ளே என்ன நடக்கிறது என்று கண் உள்ளவர்களாலும் சொல்ல முடியவில்லை.

அவன் மனைவி அமலா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான்கு வயது மகள் மெர்சி கிளியனூரில் அமலாவின் அம்மா வீட்டில் இருந்தாள். வீடு அமைதியாக இருந்தது. அவன் அந்தப் பொத்தானை அழுத்தி அழுத்தி எடுப்பது நன்றாகக் கேட்டது. அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அது தப்பு என்று தெரிந்தும் இருந்தது.

அந்தப் பெட்டி வருவதற்கு முன்பு அவனுக்குப் படித்துச் சொன்னவள் அவள்தான். நேரு வீதியில் துணிக்கடையில் நாள் முழுவதும் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து, சோறு வடித்து வைத்து, புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காருவாள். சின்ன ரெக்கார்டரை நடுவில் வைத்து அவன் படுத்தபடியே கேட்பான். பிளஸ் டூ வரை படித்தவள், ராஷ்டிரகூடர் என்ற பெயரில் தடுக்கி விழுவாள். அவன் சிரிப்பான். மகேந்திரவர்மன் குடைந்த கோயில் மண்டகப்பட்டில் இருக்கிறது என்று ஒருநாள் வாசித்தபோது, "இங்க பக்கத்துலதான? வாங்க போய்ட்டு வருவோம்" என்று அவள்தான் கிளப்பினாள். அவன் தூணைத் தடவித் தடவிப் பார்த்தான். வாயில் காவலர்கள் எப்படிச் சாய்ந்து நிற்கிறார்கள் என்று அவள் நின்று காட்டினாள். அவன் அவள் தோளையும் இடுப்பையும் தொட்டுத் தெரிந்துகொண்டான். கடையில் கூட வேலை பார்க்கும் செண்பகத்திடம் அவள் பல்லவர் கதையைச் சொல்வாள். "ஏன்கா, பரீட்சைக்கு நீ போறியா, அவுரு போறாரா?" என்பாள் செண்பகம்.

கம்ப்யூட்டர் வந்த பிறகு அவன் அவளைப் படிக்கச் சொல்லவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். அவள் ஏதாவது சொன்னால் ஒரு காதை மட்டும் விலக்கி, "இன்னா?" என்பான். ஒருமுறை ஹெட்போன் கழன்று அந்தக் குரல் வெளியே கேட்டது. தகரக் கூரையில் மல்லாட்டைக் கடலையைக் கொட்டுகிற மாதிரி இருந்தது; ஒரு வார்த்தை புரியவில்லை. அவனுக்கு அவ்வளவும் புரிந்தது. கண் இருக்கிற தனக்குப் புரியாத ஒன்றை அவன் அந்தப் பெட்டியோடு பேசிக்கொள்வது போல அவளுக்கு அன்று தோன்றியது.

பத்து மணிக்கு மேல் செஞ்சி ரோட்டில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தேவா வந்தான். கையோடு ஒரு பழைய மானிட்டரைக் கொண்டுவந்து மாட்டினான்.

"அண்ணே, அப்டேட் ஒண்ணு பாதியில சிக்கிக்கினு இருக்குது. விண்டோஸ் உள்ளயே போவ மாட்டேங்குது. ஃபார்மட் அடிச்சிட்டா பளிச்சுன்னு ஆயிடும்."

"அடிச்சா என் ஃபைலெல்லாம்?"

"போய்டும்ணே. முதல்ல காப்பி எடுத்து வச்சிட்டு செய்யலாம். ஆனா டிஸ்க்கு பழசு. எடுக்கறப்பவே படுத்துக்கிச்சுன்னா என்னைக் கேக்கக்கூடாது."

"சிஸ்டம் ரெஸ்டோர் போட்டுப் பாரேன். நல்லா ஓடிக்கினு இருந்த ஒரு தேதிக்குத் திருப்பி வுட்டா அப்டேட் மட்டும் கழண்டுரும். ஃபைல் அப்படியே நிக்கும்."

"அதெல்லாம் பாதி நேரம் வேலைக்கு ஆவாதுண்ணே, பேஜாரு. எனக்குக் கெடார்ல மச்சினிச்சி வூட்டு விசேஷம். இப்பவே லேட்டு. திங்கக்கெழமை வந்து ஃபார்மட் போட்டுத் தர்றேன். மானிட்டர் இங்கயே இருக்கட்டும்."

வண்டி கிளம்பிப் போகும் சத்தம் தேயும்வரை சகாயராஜ் நாற்காலியில் அசையாமல் இருந்தான். பிறகு தன் போனை எடுத்து, கேமராவைத் திரைக்கு நேராகப் பிடித்தான். எழுத்தைப் படித்துச் சொல்கிற ஆப் அதில் உண்டு. ஜன்னல் வெளிச்சம் திரையில் அடித்ததால் அது "யுவர்... கோட்... பிசி..." என்று துண்டு துண்டாக உளறியது. நாலைந்து முறை பார்த்துவிட்டுப் போனைக் கீழே வைத்தான்.

"அமலா, கொஞ்சம் இங்க வர்றியா? படிச்சுச் சொல்லணும்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வேறொரு நாற்காலி இல்லாததால் பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நீலத் திரையில் வெள்ளை எழுத்து. எல்லாம் இங்கிலீஷ்.

"எனக்கு இது படிக்க வருமா?"

"எழுத்தைச் சொல்லு போதும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். மூன்று எழுத்து சொல்வதற்குள் அவன் வார்த்தையை முடித்துவிடுவான். "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்னு ஒண்ணு இருக்கும் பாரு. அது மேல வெள்ளைக் கோடு வர்ற வரைக்கும் இந்தக் கட்டையைத் தட்டு. வந்துச்சா? இப்ப எண்டர்." அடுத்த பக்கம் வந்தது. அதற்கடுத்த பக்கமும். அவன் திரையைப் பார்த்ததில்லை. ஆனால் எது எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே சொன்னான். அவள் சொல்வது சரியாக வரும்போதெல்லாம், "அதான், அதேதான்" என்றான். மகேந்திரவர்மன் பாடம் படித்த காலத்துக்குப் பிறகு அவள் அந்தச் சொல்லை அவன் வாயால் கேட்டது இப்போதுதான். அவளுக்கே வேகம் வந்துவிட்டது. சிஸ்டம் ரெஸ்டோர் என்ற எழுத்தை அவன் கேட்பதற்கு முன்னாலேயே கண்டுபிடித்துச் சொன்னாள்.

அடுத்த பக்கத்தில் அவன் பெயர் வந்தது. அதை அழுத்தினால் ஒரு நீளக் கட்டம் வந்தது.

"பி, ஏ, எஸ், எஸ்..."

"பாஸ்வேர்டு கேக்குது." அவன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "நீ கொஞ்சம் அந்தாண்ட திரும்பிக்கோ."

"திரையில புள்ளிதாங்க வருது."

"நான் எந்தக் கட்டையை அடிக்கறேன்னு தெரியும்ல. திரும்பிக்கோ."

அவள் திரும்பிக்கொண்டாள். சுவரில் போன வருடத்துக் காலண்டர் தொங்கியது. பின்னால் அவன் விரல்கள் தட்டுகிற சத்தம் கேட்டது. இந்த வீட்டில் அவள் சம்பளம், அவள் நகை, அவள் போன் எல்லாம் அவன் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தன. அவனுக்குக் கறிவேப்பிலை வேண்டாம் என்று ஐந்து வருடமாகக் குழம்பிலிருந்து பொறுக்கி எடுத்துப் போடுகிறாள். அவளைத் திரும்பிக்கொள்ளச் சொல்கிறான்.

"ஆச்சு. இப்ப இன்னா வந்துது?"

திரும்பிப் பார்த்தாள். ஒரு வெள்ளைப் பெட்டி. அவன் சொன்னபடி நெக்ஸ்ட் என்பதை அழுத்தினாள். அடுத்த பெட்டியில் இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரியில் போன வாரத்துத் தேதி. அதற்குக் கீழே அதற்கும் முந்தைய வாரத்துத் தேதி.

"தேதி போட்டு வரிசையா வரும். எத்தினி இருக்குது சொல்லு. எதுவும் இல்லாம நோ ரெஸ்டோர் பாயிண்ட்ஸ்னு இருந்தா அதையும் சொல்லு." அவன் முகத்தைத் திரைக்கு மிக அருகில் கொண்டுவந்து வைத்திருந்தான், பார்க்கிறவன் மாதிரி.

"இல்ல," என்றாள் அமலா.

"இன்னா இல்ல?"

"தேதி எதுவும் இல்ல. நீங்க சொன்னீங்களே, நோ... அதான் இருக்குது."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. ஆனாலும் திருத்தவில்லை. திங்கட்கிழமை தேவா வந்து எல்லாவற்றையும் அழிப்பான். அந்தக் குரலும் போகும். மறுபடி புத்தகம் வரும், ரெக்கார்டர் வரும், அவள் வருவாள். இவ்வளவும் ஒரே நொடியில் அவள் மனதில் ஓடியது.

சகாயராஜ் பின்னால் சாய்ந்தான்.  பிறகு, "நல்லாப் பாத்தியா?" என்றான்.

"பாத்தேன்."

"அப்ப ஃபார்மட்தான்."

தண்ணீர் கேட்டான். அவள் கொண்டுவந்து கொடுத்த சொம்பைக் குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டான். வெளியே கறிவேப்பிலை, கொத்தமல்லி விற்கிறவன் கத்திக்கொண்டு போனான். சகாயராஜ் பேசத் தொடங்கியபோது அவளிடம் பேசுவது போலவே இல்லை.

"தேவா காப்பி எடுக்கறப்பவே டிஸ்க்கு படுத்துக்கும். பென்டிரைவ்ல பாதிதான் இருக்குது. பாக்கி பாதியைத் திரும்ப டைப் அடிக்கவே ஆறு மாசம் ஆவும். நீ படிச்சியே, அந்த ரெக்கார்டிங்கும் அதுலதான் கெடக்குது. அதுவும் போச்சு."

"அதை இன்னும் வச்சிருக்கீங்களா?"

"இருக்குது."

"கேப்பீங்களா?"

அவன் யோசித்தான். "இல்ல. கேக்கறதில்ல. மிஷின் மூணு மடங்கு ஜல்தியாப் படிக்கும், அதுக்குப் பழகிட்டேன். ஆனா அழிக்கல."

அவன் பொய் சொல்லாதது அவளுக்கு வலித்தது. 

"இந்தத் தடவை பரீட்சைக்குப் போவல," என்றான் சகாயராஜ். "அடுத்தது எப்ப வைப்பானுங்கன்னு தெரியாது. வயசும் போய்க்கினு இருக்குது. ஆபரேட்டராவே கெடந்துட்டுப் போறேன், வுடு." சொம்பைக் கீழே வைக்கக் குனிந்தவன் அப்படியே முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. கல்யாணமான இந்த ஐந்து வருடத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

அவளுக்கு வேண்டியது இதுவல்ல. அந்தப் பெட்டி போக வேண்டும் என்று நினைத்தாள். இவன் உடைந்து போக வேண்டும் என்று நினைக்கவே இல்லை. இரண்டும் ஒன்றுதான் என்பது அவளுக்கு அந்த நொடி வரை தெரியவில்லை.

"இருங்க," என்றாள். "கீழ ஒரு சின்னக் கட்டம் இருக்குது. அதைத் தட்டிப் பாக்கறேன்." அப்படி ஒரு கட்டம் உண்மையிலேயே இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. கீபோர்டில் ஏதோ ஒரு கட்டையைச் சும்மா தட்டினாள். "வந்துட்டுது. ரெண்டு தேதி வந்துட்டுது."

அவன் நிமிர்ந்தான். "படி! முதல் தேதி இன்னா?"

படித்தாள். அந்தத் தேதியில் எல்லாம் நன்றாக ஓடியது என்று அவன் சொன்னான். அதன்மேல் நிறுத்தி நெக்ஸ்ட், பிறகு ஃபினிஷ். தொடங்கினால் நடுவில் நிறுத்த முடியாது என்று ஒரு எச்சரிக்கை வந்தது. அவன் அதைக் கேட்டு, கையைக் குவித்து வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு, "எஸ் அடி" என்றான்.

வட்டமாகப் புள்ளிகள் சுற்றின. சுற்றிக்கொண்டே இருந்தன. என்ன வருகிறது, என்ன வருகிறது என்று அவன் கேட்டபடி இருந்தான். அவள் அதே வரியையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நடுவில் ஒருமுறை கரண்ட் மங்கி மின்விசிறி தளர்ந்தது. அவன் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான். விளக்கு மறுபடி பளிச்சென்று எரிந்தது, பெட்டி நிற்கவில்லை. அவன் பிடியை விடவும் இல்லை.

முடிந்தது என்று எழுத்து வந்து, பெட்டி அணைந்து எழுந்தபோது, மேசைமேல் கிடந்த ஹெட்போனிலிருந்து அந்தக் குரல் எறும்பு மாதிரி சன்னமாகக் கேட்டது. சகாயராஜ் அதை எடுத்து ஒரு காதில் அழுத்தி, வாய்விட்டுச் சிரித்தான். ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பார்த்தான். எல்லாம் இருந்தது. உடனே விழுப்புரத்தில் இருக்கும் நண்பன் வெங்கடாசலத்துக்குப் போன் போட்டான். அவனும் பார்வையில்லாதவன், அதே தேர்வுக்குப் படிப்பவன்.

"சர்வீஸ்காரனே ஆவாதுன்னுட்டான்டா. ரெஸ்டோர் பாயிண்ட்டே இல்லைன்னு வந்துச்சு. அமலாதான் எங்கயோ ஒரு கட்டத்தைக் கண்டுபிடிச்சுத் தட்டி எடுத்தா. இங்கிலீஷே தெரியாது அவளுக்கு! இந்த வூட்டுல கண்ணு இருந்து இன்னிக்குத்தான்டா எனக்கு..."

அமலா அடுப்படிக்குப் போனாள். அங்கேயும் கேட்டது. அவன் இன்னொருவனுக்கும் போன் போட்டு அதையே சொன்னான். இந்த முறை இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னான். அவளால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. திரும்பி வந்து, அவன் போனை வைக்கும் வரை காத்திருந்தாள்.

"நான் பொய் சொன்னேங்க."

"இன்னா?"

"முதல்லயே தேதி இருந்துச்சு. நாந்தான் இல்லைன்னு சொன்னேன். கட்டத்தை நான் தட்டவே இல்ல."

அவன் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினான். முகத்திலிருந்த சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவதென்று தெரியாமல் நின்றது.

"ஏன்?"

"அது போவட்டும்னுதான். அது வந்ததுலேர்ந்து நீங்க எங்கூட ஒக்காரவே இல்ல."

"நான் அங்க அழுதுக்கினு இருந்தனே."

"அது தாங்காமத்தான் சொல்லிட்டேன்."

"தாங்காமயா," என்றான்.  கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, குச்சியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். எங்கே என்று கேட்க அவளுக்குத் தைரியமில்லை. சாப்பாட்டுக்கு வரவில்லை. வெயில் சாய்ந்த பிறகு வந்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு இருவரும் ஒன்றாகத்தான் போனார்கள். அவள் தோளில் வழக்கம்போல் கை வைத்திருந்தான். ஆனால் பேசவில்லை. பூசை முடிந்து யாரோ நலம் கேட்டபோது இருவரும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள்.

கோயிலிலிருந்து வந்ததும் கறி எடுக்கக் கிளம்பியவளை அவன் நிறுத்தினான்.

"ஒக்காரு. ஒண்ணு சொல்லணும்." அவன் சொற்களைத் தேடினான். "கடைசியா நீ படிச்சது பாண்டியர் பாடம். ஞாபகம் இருக்குதா?"

"இல்ல."

"மறுநாள் ரயில்ல போட்டுக் கேட்டேன். பாதியில உன் குரல் கொழகொழன்னு ஆச்சு. அப்புறம் புஸ்தகம் விழுற சத்தம். அப்புறம் வெறும் மூச்சுதான். நானும் தூங்கிட்டிருக்கேன்போல. ரெக்கார்டர் பாட்டுக்கு ஓடிக்கினே இருக்குது. விழுப்புரம் வர்ற வரைக்கும் அந்த மூச்சைக் கேட்டுக்கினு போனேன். நாள் பூரா நின்னுட்டு வர்றவளை நாம இன்னா பண்ணிக்கினு இருக்கோம்னு ஆயிடுச்சு. அந்த மாசமே பெட்டியை வாங்கினேன்."

அமலா அவனையே பார்த்தாள். அவள் எதிர்பார்த்தது இதையல்ல. அழுகைதான் வரும் என்று நினைத்தாள், கோபம் வந்தது.

"தூங்கினா எழுப்ப வேண்டியதுதான? இல்ல, அமலா, உனக்குக் கஷ்டமா இருக்குதான்னு ஒரு வார்த்தை கேக்க வேண்டியதுதான? நீங்களே முடிவு பண்ணி, நீங்களே வாங்கி, நீங்களே காதை மூடிக்கினா எனக்கு இன்னா தெரியும்? ரெண்டு வருசமா நான் இன்னா தப்பு பண்ணேன்னு நெனச்சிக்கினு இருந்தேன் தெரியுமா?"

"கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும்தான்."

"நீயும் சொல்லியிருக்கணும். பொய் சொல்றதுக்கு முன்னாடி."

கறிக்கு எடுத்திருந்த பையை அமலா மடித்துக் கீழே வைத்தாள்.

அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: ரெண்டு புத்தகம் ஸ்கேன் எடுத்தவை, பக்கமெல்லாம் போட்டோ மாதிரி, அதை மெஷினால் படிக்க முடியாது. அந்தப் பாடங்களையே விட்டுவிட்டிருந்தான்.

"அதை இப்ப படிக்கச் சொல்றீங்களா?"

"கேக்கறேன். சொல்லல."

"இன்னிக்கு என்னால முடியாது," என்றாள் அவள். "இன்னிக்கு வாயே வராது. நாளைக்குப் பாக்கலாம்."

மறுநாள் ஃபார்மட் போட வந்த தேவாவிடம், எல்லாம் சரியாகிவிட்டது, மானிட்டரை மட்டும் பரீட்சை வரைக்கும் விட்டுவிட்டுப் போ என்று அவளே கேட்டு வாங்கினாள். எப்படிச் சரியாயிற்று என்று அவன் ஆச்சரியப்பட்டபோது இருவரில் யாரும் விளக்கவில்லை.

விடிந்ததும், கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் படிப்பது என்று வைத்துக்கொண்டார்கள். முதல் சில நாட்கள் விருந்தாளிகள் மாதிரி ஒருவருக்கொருவர் மரியாதையாக இருந்தார்கள். அது சண்டையைவிடக் கஷ்டமாக இருந்தது. அவள் தவறாக உச்சரித்த பெயரை அவன் திருத்தாமல் விட்டான். விட்டான் என்பது அவளுக்குத் தெரிந்தது. பத்து வரிக்கு ஒருமுறை, "தூக்கம் வருதா?" என்றான்.

"இன்னும் ஒரு தடவை கேட்டீங்கன்னா எழுந்து போய்டுவேன்," என்றாள் அமலா.

அவன் வாயை மூடிக்கொண்டான். அவள் திரையில் விட்ட இடத்தைத் தேடி எடுத்து, நாயக்கர் காலத்து வரிமுறையைப் படிக்கத் தொடங்கினாள்.